பண்டைச் சீனாவின் வெண்கல மணிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனத் தொல்லியல் பற்றிய பழைய நூல்களில் ஒரு கதை திரும்பத் திரும்ப வரும். மஞ்சளாற்றுச் சமவெளியில் நாகரிகம் பிறந்தது, அங்கிருந்து நாலா திசைக்கும் பரவியது, சுற்றியிருந்தவர்கள் அதைப் பெற்றுக்கொண்டார்கள் என்பது அந்தக் கதை. மணிகளின் வரலாறு இதற்கு ஒத்துவருவதில்லை. மணி வடக்கிலிருந்து தெற்கே போனது உண்மைதான். தெற்கே அது வேறொன்றாக வளர்ந்து வடக்கே திரும்பி வந்ததும் உண்மை. அந்த இரண்டாவது பயணத்துக்கு உரிய இடம் வெகுகாலம் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். அதனால் கீழே உள்ள பதில்களில் தெற்குக்குச் சற்றுக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

சீனாவில் கிடைத்த மிகப் பழைய உலோக மணி எது?

ஷான்ஷி மாகாணத்தில் தாவ்சி என்ற தொல்லூர் இருக்கிறது. ஏறத்தாழ கி.மு. 2300 முதல் கி.மு. 1900 வரை மக்கள் வாழ்ந்த பெரிய மதில் ஊர் அது. 1983-இல் அங்கே ஒரு கல்லறையில், புதைக்கப்பட்டவரின் இடுப்புப் பக்கத்தில் ஒரு சின்ன மணி கிடைத்தது. அகலம் 6 சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும், உயரம் 3 சென்டிமீட்டருக்கும் குறைவு. அது வெண்கலம் அல்ல, கிட்டத்தட்டக் கலப்பில்லாத செம்பு.

பார்வைக்கு எளிமையான பொருள்தான், ஆனால் செய்முறை எளிமையானது அல்ல. உள்ளே குடைவாக இருக்கும் ஒரு பொருளை வார்க்க, வெளியச்சும் உள்ளே ஒரு கருவும் வேண்டும். இரண்டுக்கும் இடையே உள்ள சந்தில்தான் உருகிய உலோகம் இறங்க வேண்டும். பிற்காலத்தில் சீனா செய்த மாபெரும் வெண்கலக் கலன்கள் எல்லாம் இதே முறையில்தான் வார்க்கப்பட்டன. அந்த வகையில் இந்த மணி ஒரு தொடக்கப் புள்ளி. இதற்கு முன்பே மண்ணால் சுட்ட மணிகள் இருந்தன. வடிவம் அவற்றிலிருந்து வந்தது.

முதல் மணிகள் இசைக்கருவிகளா?

இசைக்கருவி என்று சொல்ல முடியாது. ஹெனான் மாகாணத்தின் எர்லிதோவில், கி.மு. 1750-க்குப் பிந்தைய காலத்து உயர்குடிக் கல்லறைகளில் வெண்கல மணிகள் கிடைத்துள்ளன. அவற்றின் நாக்கு பச்சைக்கல்லால் (ஜேட்) ஆனது. அணிந்தவர் நடக்கும்போது ஒலித்திருக்கும். 2002-இல் திறக்கப்பட்ட கல்லறை ஒன்றில், நீலப்பச்சை நிற டர்க்காய்ஸ் கல் துண்டுகள் ஏறத்தாழ 2,000 கொண்டு பதித்த நாக வடிவம் ஒன்று இறந்தவரின் உடல்மேல் கிடத்தப்பட்டிருந்தது. அதோடு ஒரு வெண்கல மணியும் இருந்தது. மணி, டர்க்காய்ஸ் பதிப்பு, பச்சைக்கல் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒருவரின் தகுதியை, அநேகமாகச் சடங்குப் பொறுப்பையும், காட்டின.

இந்தச் சேர்க்கை பயணப்பட்டிருக்கிறது. எர்லிதோவிலிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 900 கிலோமீட்டர் தென்மேற்கே, சிச்சுவானில் சான்சிங்துய் இருக்கிறது. 1986-இல் வெளிப்பட்ட பலிக்குழிகளுக்காகவும், துருத்திய கண்கள் கொண்ட வெண்கல முகங்களுக்காகவும் பெயர் பெற்ற இடம். அங்கேயும் பக்கவாட்டில் தகடுபோல் நீட்சி வைத்த மணிகள், டர்க்காய்ஸ் பதித்த வெண்கலத் தகடுகள், எர்லிதோ பாணிப் பச்சைக்கல் ஆயுதங்கள் எல்லாம் கிடைத்தன. ஆனால் குழிகளின் காலம் எர்லிதோவுக்குச் சில நூற்றாண்டுகள் பிந்தையது. மேலும், சான்சிங்துய் கைவினைஞர்கள் பெற்றதை அப்படியே செய்துகொண்டிருக்கவில்லை. கழுகு வடிவில்கூட மணி வார்த்தார்கள். அந்த வகை எர்லிதோவில் இல்லை.

"நாவ்" என்பது என்ன? ஏன் வாய் மேல்நோக்கி இருக்கிறது?

ஷாங் அரச காலத்தில், கி.மு. 13-ஆம் நூற்றாண்டை ஒட்டி, தலைநகரான ஆன்யாங்கில் நாக்கு இல்லாத மணிகள் வருகின்றன. கீழே குழாய் போன்ற காம்பு இருக்கும், வாய் வானத்தைப் பார்க்கும். காம்பில் கட்டை செருகி நிறுத்தியோ கையில் பிடித்தோ வெளியிலிருந்து அடிப்பார்கள். இவைதான் நாவ். பெரும்பாலும் மூன்று மூன்றாக, அளவில் படிப்படியாகச் சிறுத்து வரும். 1976-இல் கொள்ளை போகாத நிலையில் கிடைத்த அரசி ஃபூ ஹாவின் கல்லறையில் ஐந்து இருந்தன. கையடக்கமான கருவிகள் அவை.

இனி யாங்சி ஆற்றுக்குத் தெற்கே, ஹூனான் மாகாணத்தின் ஷியாங் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குப் போவோம். அங்கே கிடைக்கும் நாவ்களும் வாய் மேல்நோக்கியவைதான், ஆனால் அவற்றின் அளவே வேறு. நிங்ஷியாங் பகுதியில் யுவேஷான்பு என்ற இடத்தில் 1983-இல் கிடைத்த ஒன்றின் எடை 221.5 கிலோகிராம், உயரம் ஒரு மீட்டருக்கு மேல். கையில் பிடிக்கும் பேச்சுக்கே இடமில்லை. யானை, புலி, மீன் உருவங்களும், முகம் போலத் தெரியும் பெரிய கண்களும் இவற்றில் வரும்.

புதைத்த விதமும் வேறு. ஆன்யாங்கில் நாவ் உயர்குடியினரின் கல்லறைக்குள் போனது. ஹூனானில் பெரும்பாலானவை கல்லறைகளில் கிடைக்கவில்லை. மலைச்சரிவில், குன்றின் உச்சியில், ஆற்றங்கரையில் தனித்தோ சிலவாகவோ புதைத்திருக்கிறார்கள். பல மணிகள் உழவர்கள் மண் தோண்டும்போது தற்செயலாக வெளிவந்தவை. மலைக்கும் ஆற்றுக்கும் செய்த காணிக்கை என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. இறந்தவரோடு போகாத பொருள், ஊருக்கோ நிலத்துக்கோ உரியதாக இருந்திருக்க வேண்டும்.

வடக்கிலிருந்து வந்த கருத்தைத் தெற்கு பெரிதாக்கியதா, தெற்கே முதலில் தோன்றியதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. எது முந்தியது என்பதைவிட, ஒரே கருவி இரண்டு சமூகங்களில் இரண்டு வேலை செய்தது என்பதே எனக்கு முக்கியமாகத் தெரிகிறது.

ஜியாங்ஷியில் கிடைத்த பெரிய கல்லறை இதில் எங்கே வருகிறது?

ஷின்கான் மாவட்டத்தின் தாயாங்ஜோவில் 1989-இல் ஆற்று மணல் தோண்டும்போது வெளிப்பட்டது அது. 400-க்கும் மேற்பட்ட வெண்கலப் பொருள்கள் இருந்தன. அவற்றில் மூன்று பெரிய நாவ்களும், கூடவே ஒரு "போ" மணியும் கிடைத்தன. போ என்பது மேலே வளையம் வைத்து நேராகத் தொங்கவிடும் மணி. இதுவரை தெரிந்தவற்றில் மிகப் பழைய போ இதுதான். பக்கவாட்டு விளிம்புகளின் உச்சியில் பறவைகள் நிற்கும். அதாவது தொங்கும் பெரிய மணியின் முதல் மாதிரி வடக்குத் தலைநகரில் கிடைக்கவில்லை, யாங்சியின் தெற்கே கிடைத்திருக்கிறது.

நிற்கும் மணி எப்படித் தொங்கும் மணியானது?

இந்த வரலாற்றின் திருப்பமே இங்குதான் இருக்கிறது. கி.மு. 11-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஷாங் அரசு வீழ்ந்து ஜோ அரசு எழுந்தது. ஜோ காலத்தின் முதன்மை மணி "யோங்ஜோங்". இதற்கும் குழாய்க்காம்பு உண்டு, ஆனால் காம்பில் ஒரு வளையம் சேர்த்து, மணியைத் தலைகீழாக்கிச் சற்றுச் சாய்வாகத் தொங்கவிடுவார்கள். உடலில் வரிசை வரிசையாக 36 முலைப்புகள், அதாவது குமிழ் போன்ற புடைப்புகள், இருக்கும். இந்த வளையத்தையும் முலைப்புகளையும் படிப்படியாகப் பெற்று வரும் நாவ்கள் தெற்கில்தான் கிடைக்கின்றன. ஆன்யாங்கின் சிறு நாவிலிருந்து யோங்ஜோங்குக்கு நேர்வழி இல்லை. ஹூனான், ஜியாங்ஷி வழியாகத்தான் வழி போகிறது.

இதற்கு வலுவான சான்று 2013-இல் வந்தது. ஹூபெய் மாகாணம் சுய்சோவின் யேஜியாஷானில், மேற்கு ஜோ தொடக்கக் காலத்து ஸெங் நாட்டுப் பிரபு ஒருவரின் கல்லறையில் ஐந்து மணிகள் கிடைத்தன: நான்கு யோங்ஜோங், ஒரு போ. அந்தப் போவின் விளிம்பில் புலிகள் இறங்கிவருகின்றன, தெற்கத்திய வேலைப்பாடு. தெற்கின் இரண்டு மணி வகைகளும் ஜோ அரசைச் சேர்ந்த ஒரு பிரபுவின் வீட்டில் ஒரே தொகுதியாக நிற்கின்றன.

அந்த இடத்துக்கு ஒரு காரணம் உண்டு. மணிக்கு ஏராளமான செம்பு வேண்டும். ஹூபெயின் தோங்லூஷான், ஜியாங்ஷியின் ருய்சாங் ஆகிய பழைய செம்புச் சுரங்கங்கள் யாங்சிக் கரைப் பகுதியில்தான் இருக்கின்றன. சுய்சோ, அந்தச் செம்பு வடக்கே போகும் வழியில் அமர்ந்திருக்கிறது. ஜோ மன்னர்கள் தங்கள் ஆட்களை அங்கே குடியமர்த்தியது அந்த வழியைக் காக்கத்தான். உலோகம் வந்த பாதையில் மணியின் வடிவமும் வந்தது.

ஒரே மணியில் இரண்டு சுருதி வரும் என்பது உண்மையா?

உண்மை. நம் கோயில் மணியின் வாய் வட்டமானது. ஒருமுறை அடித்தால் ஓசை நீண்டுகொண்டே போகும். பண்டைச் சீன மணியின் குறுக்குவெட்டு வட்டமல்ல. இரண்டு வளைந்த ஓடுகளை எதிரெதிரே சேர்த்து வைத்ததுபோல், இரு முனையும் கூர்ந்திருக்கும். இந்த வடிவத்தால் இரண்டு விளைவுகள். ஒன்று, ஓசை விரைவில் அடங்கும். அதனால் அடுத்தடுத்து மணிகளை அடித்து மெட்டு வாசிக்கலாம். 11-ஆம் நூற்றாண்டு அறிஞர் ஷென் குவோ இதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார்: வட்ட மணியின் ஓசை நீளும், விரைவாக வாசித்தால் ஒன்றோடொன்று குழம்பும், தட்டை மணியின் ஓசை குறுகும்.

இரண்டாவது, அடிக்கும் இடம் மாறினால் சுருதியும் மாறும். வாயின் நடுவில் அடித்தால் ஒன்று, பக்கத்தில் அடித்தால் அதைவிட உயர்ந்த இன்னொன்று. ஸட்ஜத்திலிருந்து சாதாரண காந்தாரத்துக்கோ அந்தர காந்தாரத்துக்கோ உள்ள அளவு இடைவெளி பெரும்பாலும் இரண்டுக்கும் இடையே இருக்கும். வார்த்த பிறகு உட்சுவரைத் தேய்த்துத் தேய்த்துச் சுருதி சேர்த்திருக்கிறார்கள். அந்தத் தேய்ப்புத் தடங்கள் இன்றும் தெரிகின்றன.

ஷாங் காலத்திலேயே இந்த இயல்பு மணிகளில் இருந்தது. ஆனால் அதை வேண்டுமென்றே பயன்படுத்தினார்கள் என்று 1977-இல் இசையியலாளர் ஹுவாங் ஷியாங்பெங் சொன்னபோது பலர் நம்பவில்லை. ஓராண்டுக்குள் பதில் மண்ணுக்குள்ளிருந்து வந்தது.

ஸெங் பிரபு யீயின் மணிகள் ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசப்படுகின்றன?

1977-இல் சுய்சோவின் லெய்குதுன் குன்றில் ஒரு ராணுவப் பிரிவு தொழிற்கூடம் கட்ட நிலத்தைச் சமன்செய்துகொண்டிருந்தது. மண்ணின் நிறம் மாறியதைக் கண்டு தகவல் கொடுத்தார்கள். 1978-இல் அகழாய்வு நடந்தது. கல்லறை நீரில் மூழ்கியிருந்தது. அந்த நீர்தான் மரத்தையும் அரக்குப் பூச்சையும் காப்பாற்றியது. நீரை இறைக்க இறைக்க, மூன்றடுக்கு மணிச்சட்டகம் நின்ற நிலையிலேயே வெளிவந்தது. ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்குப் பிறகும் பெரும்பாலான மணிகள் தொங்கிக்கொண்டிருந்தன.

மொத்தம் 65 மணிகள்: 45 யோங்ஜோங், 19 சிறு வளைய மணிகள், ஒரு போ. மணிகளின் எடை மட்டும் ஏறத்தாழ 2,500 கிலோகிராம். மிகப் பெரியது 203.6 கிலோகிராம், மிகச் சிறியது 2.4 கிலோகிராம். சட்டகம் ஒரு பக்கம் 7.48 மீட்டர், மறுபக்கம் 3.35 மீட்டர். வாள் தரித்த வெண்கல வீரர்கள் ஆறு பேர் அதைத் தலையிலும் கையிலும் தாங்குகிறார்கள். இசை ஐந்து ஸ்தாயிக்குப் பரவும். நடுப்பகுதியில் 12 ஸ்வரஸ்தானங்களும் கிடைக்கும். 1978 ஆகஸ்ட் 1 அன்று அவற்றை வாசித்தும் காட்டினார்கள்.

ஆனாலும் என்னை அதிகம் ஈர்ப்பது எழுத்துகள். சட்டகத்தையும் கொக்கிகளையும் சேர்த்தால் 3,755 எழுத்துகள், தங்கம் பதித்தவையும் அவற்றில் உண்டு. பெரும்பாலான மணிகளில் இரண்டு இடங்களில் இரண்டு சுருதியின் பெயர். ஹுவாங் சொன்னது சரி என்பதற்கு இதைவிட நேரடிச் சான்று வேண்டியதில்லை. அதோடு நிற்கவில்லை. ஸெங் நாட்டில் இன்ன பெயரில் உள்ள சுருதி சூ நாட்டில் இன்ன பெயர், ஜின்னில் இன்னது, சீயில், ஷென்னில், ஜோ அரசவையில் இன்னது என்று ஒப்பிட்டு எழுதியிருக்கிறார்கள். நாட்டுக்கு நாடு இசைமரபு வேறு, ஆனால் இசைவாணர்கள் ஒருவர் மரபை ஒருவர் அறிந்து கணக்குப் பார்த்திருக்கிறார்கள். பண்பாட்டுப் பரிமாற்றம் என்று நாம் ஊகிக்க வேண்டியதையெல்லாம் இங்கே அவர்களே எழுதி வைத்துவிட்டார்கள்.

அந்த இசையைக் கேட்க உரிமை பெற்றிருந்தவர் யார் என்பதையும் மறக்கக்கூடாது. அதே கல்லறையில் 21 பெண்கள், பெரும்பாலும் இளம்பெண்கள், பிரபுவோடு புதைக்கப்பட்டிருந்தார்கள். அரண்மனையின் இசை, நடனப் பெண்களாகச் சிலர் இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மணிகளின் அழகைப் பேசும் எவரும் இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

அந்த ஒற்றைப் போ மணி யாருடையது?

சூ நாட்டு மன்னன் ஹுய் அனுப்பியது. மன்னனின் 56-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.மு. 433-இல், ஸெங் பிரபு யீக்காகச் செய்வித்தது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. சட்டகத்தின் கீழடுக்கில் நடுவாக அதைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதற்கு இடம்விட வரிசையையே மாற்றியிருக்கிறார்கள்.

பெரிய நாட்டின் மன்னன் சிறிய நாட்டுப் பிரபுவுக்கு ஏன் இப்படி மரியாதை செய்தான்? பதிலின் ஒரு பகுதி 2009-இல் சுய்சோவின் வென்ஃபெங்தா கல்லறையில் கிடைத்தது. அங்குள்ள மணிகள் ஸெங் பிரபு யூ என்பவருடையவை. வூ நாட்டுப் படை சூவைச் சூறையாடியதையும், ஸெங் உதவிசெய்து சூ மன்னனை நிலைப்படுத்தியதையும் அவற்றின் எழுத்து சொல்கிறது. பழைய வரலாற்று நூல்கள் இதே நிகழ்வைக் கி.மு. 506-இல் வைக்கின்றன. ஆனால் சூ மன்னன் ஜாவ் தஞ்சம் புகுந்த நாட்டின் பெயரைச் சுய் என்கின்றன. ஸெங், சுய் இரண்டும் ஒரே நாடு என்ற கருத்து இதனால் மிகவும் வலுப்பெற்றது. தஞ்சம் புகுந்த ஜாவின் மகன்தான் மணி அனுப்பிய ஹுய். 73 ஆண்டுகள் கழித்தும் அந்த நன்றி ஞாபகத்தில் இருந்தது என்றே நான் வாசிக்கிறேன்.

மணிகள் பரிசாக மட்டும்தான் பயணித்தனவா?

போர்க்கொள்ளையாகவும் பயணித்தன. ஜின் நாட்டுப் பிரபு சூவின் (சூ நாடு அல்ல, இது அவருடைய பெயர்) 16 மணிகளில் 14 கல்லறைக் கொள்ளையர்களால் களவாடப்பட்டு, ஹாங்காங் சந்தையிலிருந்து ஷாங்காய் அருங்காட்சியகத்தால் மீட்கப்பட்டன. மீதி இரண்டு ஷான்ஷியில் முறையான அகழாய்வில் கிடைத்தன. அவற்றின் 355 எழுத்துகள் வார்க்கப்பட்டவை அல்ல, பின்னர் கருவியால் செதுக்கப்பட்டவை. கிழக்கே நடந்த படையெடுப்பைப் பற்றிய எழுத்து அது. மணிகளில் சில தெற்கத்திய வேலை என்றும், போரில் கைப்பற்றியபின் எழுத்து செதுக்கப்பட்டது என்றும் சில ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள்.

வடிவம் மட்டும் போய், பொருள் போகாமலும் இருக்கலாம். ஜியாங்சுவின் வூஷி அருகே ஹோங்ஷானில் யுவே நாட்டு உயர்குடிக் கல்லறைகளில் மணிகள் ஏராளம், எல்லாம் சுட்ட மண். வடக்கு வகை யோங்ஜோங்கும், கீழ்யாங்சிக்கே உரிய வாய் மேல்நோக்கிய மணிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. வடக்கின் மரியாதைச் சின்னங்களை அவர்கள் விரும்பினார்கள், தங்கள் கருவியையும் விட்டுக்கொடுக்கவில்லை.

மேற்கே சின் நாட்டுக்கும் தெற்கத்தியப் போ போய்ச் சேர்ந்தது. 1978-இல் பாவ்ஜியில் கிடைத்த சின் பிரபுவின் மூன்று போ மணிகளின் விரிந்த விளிம்பு வேலைப்பாட்டைத் தாயாங்ஜோ போவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பரம்பரை தெரியும்.

வடக்குப் புல்வெளி மக்களின் பங்கு?

அவர்கள் தந்தது வேறு வகை ஒலி. உள்ளே சிறு கல்லோ உருண்டையோ குலுங்கும் கிலுகிலுப்பை மணி, கைப்பிடி முனையில் அத்தகைய மணி வைத்த கத்தி ஆகியவை வடக்கு எல்லைப் பகுதியின் அடையாளம். ஷாங் தலைநகரிலும் இவை கிடைக்கின்றன. ஜோ காலத்துத் தேர்களின் நுகத்தில் ஒலித்த மணிகளும் இந்த வழியைச் சேர்ந்தவை.

தென்மேற்கிலும் வியட்நாமிலும் மணிகள் உண்டா?

உண்டு. யுன்னான், குவாங்ஷி, குய்ஜோ, வடவியட்நாம் பகுதிகளில் உச்சியில் ஆட்டுக்கொம்பு போன்ற இரட்டைப் பிடி வைத்த மணிகள் கிடைக்கின்றன. யுன்னானின் வான்ஜியாபா கல்லறையில் இவை வெண்கல முரசுகளோடு வந்தன. இங்கே தலைமைக் கருவி முரசுதான், மணி அதன் துணை. ஜோ உலகத்தின் இசைவரிசையை இந்தப் பகுதி அப்படியே ஏற்கவில்லை.

குவாங்ஜோவில் 1983-இல் திறக்கப்பட்ட நான்யுவே மன்னனின் கல்லறை இன்னொரு கலவை. 5 யோங்ஜோங், 14 வளைய மணிகள் என்பவை வடக்கு மரபு. கூடவே வூ, யுவே நாடுகளின் பழைய பாணியில் வாய் மேல்நோக்கிய 8 மணிகள். கி.மு. 129-க்கு நிகரான ஆண்டு அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கிறது. யுவே நாடு அழிந்து வெகுகாலம் ஆன பிறகு, தெற்குக் கடற்கரை அரசவையில் அதன் கருவி புதிதாக வார்க்கப்பட்டிருக்கிறது!

ஜப்பானின் தோதாகு மணிகள் சீனாவிலிருந்து வந்தவையா?

நேராக வரவில்லை. கொரியத் தீபகற்பத்தில் வழங்கிய சிறு வெண்கல மணிகள்தான் மூலம். யாயோய் எனப்படும் தொல்காலத்து ஜப்பானில் அவை பெரிதாகிக்கொண்டே போயின. ஷிகாவில் கிடைத்த மிகப் பெரியது 134.7 சென்டிமீட்டர். தொடக்கத்தில் ஒலிக்கச் செய்தவை, கடைசியில் பார்ப்பதற்கான பொருள்களாகிவிட்டன. ஷிமானேயின் காமோ இவாகுராவில் 1996-இல் ஒரே இடத்தில் 39 கிடைத்தன. இவையும் மலைச்சரிவில் புதைக்கப்பட்டவை என்பதால் ஹூனான் நாவ்களோடு சிலர் முடிச்சுப் போடுகிறார்கள். இடையில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் இருக்கின்றன. அந்த முடிச்சை நான் ஏற்கவில்லை.

இவற்றை எங்கே பார்க்கலாம்?

ஸெங் பிரபு யீயின் மணிகளும் யேஜியாஷான் மணிகளும் வூஹானில் உள்ள ஹூபெய் மாகாண அருங்காட்சியகத்தில். அங்கே நகல் மணிகளில் கச்சேரியும் நடக்கும், நேரம் பார்த்துப் போங்கள். பெரிய நாவ்களுக்குச் சாங்ஷா, தாயாங்ஜோ பொருள்களுக்கு நான்சாங், நான்யுவே மணிகளுக்குக் குவாங்ஜோ. சீனாவுக்கு வெளியே என்றால், 1920-களின் இறுதியில் லுவோயாங் அருகே ஜின்சுன் கல்லறைகள் சூறையாடப்பட்டபோது சிதறிய, பியாவ் சியாங் என்பவரின் பெயர் பொறித்த மணிகள் 14-இல் 12 கியோட்டோவின் சென்-ஓகு ஹகுகோகானிலும், 2 டொரன்டோவின் ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. சூறையாடப்பட்டதால், அவை எந்தக் கல்லறையில் எந்த வரிசையில் எந்தக் கருவிகளோடு தொங்கின என்ற செய்தி போய்விட்டது. இரு இடங்களிலும் பார்க்கும்போது காம்பை, விளிம்பை, உட்சுவரின் தேய்ப்பைக் கவனியுங்கள். கண்ணாடிக்கு வெளியே நின்றாலும், குனிந்து வாய்ப்பக்கம் பார்த்தால் சுருதி சேர்த்த இடம் தெரியும்.